தோற்றவர்களின் படங்களையும் போடுங்கள்

சிங்கப்பெருமாள் கோயிலில் இந்தக் கோடை விடுமுறைக்கு வாரம் ஒரு படம் மொட்டை மாடியில் போடுவதென்று தீர்மானித்திருக்கும் எங்கள் நகர் நலச் சங்கத்தாருக்கும், பாயைச் சுருட்டிக்கொண்டு வரக் காத்திருக்கும் குடும்பங்களுக்கும்,



நல்ல காரியம். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறேன்.

நீங்கள் சுற்றுக்கு விட்ட தாளில் இரண்டே நிபந்தனைகள் இருந்தன. படம் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஊக்கம் தர வேண்டும். அதன் கீழே ஆளாளுக்கு எழுதிய படப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கோப்பை வாங்குகிறவர், பரீட்சையில் முதலாவதாக வருகிறவர், சட்டைப்பையில் ஒன்றுமில்லாமல் பட்டணம் வந்து முதலாளி ஆகிறவர். எல்லாவற்றிலும் கடைசிப் பத்து நிமிடம் கைதட்டல். அவற்றில் நல்ல படங்களும் உண்டு. 'கனா'வை யாரோ எழுதியிருந்தீர்கள். எனக்கும் பிடித்த படம். அதில் மகள் கிரிக்கெட்டில் ஜெயிக்கிறாள், விவசாயியான அப்பா கடனில் நொடிந்துபோகிறார். இரண்டையும் ஒரே கதைக்குள் வைக்க அருண்ராஜா காமராஜுக்குத் துணிச்சல் இருந்தது. ஆனால் நம் பட்டியலில் அந்த அப்பாக்களுக்கு இடமே இல்லை. அத்தனை பேரும் ஜெயித்தவர்கள்.

என் சண்டை இதுதான். தோற்றவர்களின் படங்களும் வேண்டும். அதுவும் நம் ஊருக்குக் கட்டாயம் வேண்டும்.

மாடியில் வந்து உட்காரப் போகிறவர்கள் யார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மலையைச் சுற்றினால்தான் நரசிம்மரைச் சுற்றியதாகும் என்று பௌர்ணமி தவறாமல் பாடலாத்ரியை வலம் வரும் ஆயாக்கள். ஒரகடத்துக்கும் மகேந்திரா சிட்டிக்கும் கம்பெனி பஸ் பிடிக்கிறவர்கள். பீச் லோக்கலில் தொங்கிக்கொண்டு போய் வருகிறவர்கள். வேலை நிரந்தரமாகும் என்று வருடக்கணக்கில் காண்டிராக்டில் காத்திருக்கிறவர்கள். இவர்களுடைய பிள்ளைகள். பக்கத்து மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2021 செப்டம்பரில் மூடுவதாக அறிவித்து, மறு ஆண்டு உற்பத்தியை நிறுத்தியபோது இந்தத் தெருக்களில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். உள்ளே வேலை பார்த்தவர்கள் மட்டுமா? உதிரிபாகம் செய்தவர்கள், வேன் ஓட்டியவர்கள், கேண்டீனுக்குக் காய்கறி போட்டவர்கள் எல்லோருக்கும் அடி. அவர்களில் ஒருவர்கூட உழைக்காமல் இருந்து வேலையை இழக்கவில்லை. உழைத்தால் கட்டாயம் உயரலாம் என்று மட்டுமே சொல்லும் படத்தை அந்த வீட்டுப் பையன் பார்த்தால் அவன் என்ன முடிவுக்கு வருவான்? நம் அப்பா சரியாக உழைக்கவில்லை போல என்றா?

முதலில் சான்றிதழ் விஷயத்தை முடித்துவிடுகிறேன். 'யு' படம் மட்டும் போதும், வேறு வம்பு வேண்டாம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். 'யு' வாங்கிய படமெல்லாம் குழந்தைகளுக்கான படம் என்று நம்பினால் ஏமாந்துபோவோம். தமிழ்ப் பெயர் வைத்த படத்துக்குக் கேளிக்கை வரி இல்லை என்று 2006-இல் அரசு அறிவித்தது. 2011-இல் 'யு' சான்றிதழும் வேண்டும் என்பது சலுகைக்கான நிபந்தனைகளில் சேர்ந்தது. அன்றிலிருந்து 2017-இல் ஜி.எஸ்.டி. வரும்வரை 'யு' என்ற ஓர் எழுத்துக்குப் பெரிய பண மதிப்பு இருந்தது. இங்கே இரண்டு வெட்டு, அங்கே ஒரு வசனத்தில் சத்தத்தை அமுக்குவது என்று சரிசெய்து அந்த எழுத்தை வாங்கினார்கள். அந்த ஆண்டுகளின் எத்தனையோ 'யு' படங்களில் அரிவாள் இறங்குகிறது. கதாநாயகியை வேலைவெட்டி இல்லாமல் பின்தொடர்ந்து தொந்தரவு செய்வதைக் காதல் என்கிறார்கள். இப்போது 'யுஏ'வை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். 2023-இல் சட்டத்தைத் திருத்தி, 2024 விதிகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். முன்னைக்கு இது தேவலை. அந்த எண்ணும் பெற்றோருக்குச் சொல்லும் யோசனைதான். படத்தை முன்கூட்டி ஒருவர் முழுசாகப் பார்த்திருக்க வேண்டும். அந்த வேலையை எந்த வாரியமும் நமக்காகச் செய்து தராது.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். முத்தக் காட்சி வந்தால் ரிமோட்டைத் தேடுகிறோம். கிடைக்காவிட்டால் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறோம். மனைவியைக் கன்னத்தில் அறைகிற காட்சிக்கு யாரும் எழுந்து போவதில்லை. கறுப்பாக இருக்கிறாள், குண்டாக இருக்கிறான் என்று சொல்லிச் சிரிக்க வைக்கும் 'காமெடி'க்கும் எழுந்து போவதில்லை, சேர்ந்து சிரிக்கிறோம். அந்த வர்ணனைக்குப் பொருந்துகிற பிள்ளை நம் பக்கத்திலேயே உட்கார்ந்து, சிரிக்காமல் இருந்தால் மாட்டிக்கொள்வோமே என்று தானும் சிரிக்கிறது. குடும்பத்தோடு பார்க்க முடியாத படம் எது என்று என்னைக் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். யாரையும் மட்டம் தட்டாமல் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்க முடியாதா என்கிறவர்கள் 1965-இல் வந்த 'திருவிளையாட'லில் நாகேஷின் தருமியை இன்னொரு முறை பாருங்கள். பரிசுக்கு ஆசைப்பட்ட ஓர் ஏழைப் புலவன், கோயிலில் தனியாகப் புலம்புகிறான். அவனுடைய வறுமையைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை, அவனுடைய சாமர்த்தியத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். சாமி படம்தான் வேண்டும் என்கிற ஆயாக்களுக்கும் குறை இருக்காது. கடவுளே எழுதியிருந்தாலும் பிழை பிழைதான் என்று நிற்கும் நக்கீரர் அதே படத்தில் இருக்கிறார். அந்த வேடத்தை இயக்குநர் ஏ.பி. நாகராஜனே போட்டிருந்தார்.

சரி, தோற்றவர்களிடம் வருகிறேன்.

1961-இல் பி.ஆர். பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' நம் பட்டியலில் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆகஸ்ட் 15-க்குப் போடுகிற படம் என்று நினைத்து விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. ம.பொ.சி. எழுதிய வ.உ.சி. வரலாற்றை வைத்து எடுத்தது. கதை எல்லோருக்கும் தெரியும்: 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908-இல் சிறை, செக்கிழுப்பு. சிவாஜி செக்கிழுக்கும் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அதற்குப் பிறகு வரும் விடுதலைக் காட்சியை. 1912 கடைசியில் வ.உ.சி. சிறையை விட்டு வெளியே வருகிறார். மேளமில்லை, மாலையில்லை, கூட்டமில்லை. உள்ளே போகும்போது திருநெல்வேலியே பற்றி எரிந்தது. வெளியே வரும்போது தெருவில் ஆளில்லை. உடலை மூடிக்கொண்டு ஒருவர் நிற்கிறார். யாரென்று வ.உ.சி.க்குத் தெரியவில்லை. தொழுநோய் தின்ற உடம்போடு நிற்பவர் சுப்பிரமணிய சிவா.

கப்பல்கள் கைவிட்டுப் போய்விட்டன. வக்கீல் சன்னதும் போய்விட்டது. அதற்குப் பிறகு வாழ்ந்த இருபத்துச் சொச்சம் ஆண்டுகளும் வறுமைதான். அந்த வறுமையில் உட்கார்ந்துதான் அவர் திருக்குறளுக்கு உரை எழுதினார், தொல்காப்பியத்தை இளம்பூரணர் உரையோடு பதிப்பித்தார். இது படத்தில் இல்லாத பகுதி. பார்த்து முடித்தபின் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது. கம்பெனி தோற்றது, அந்த மனிதர் தோற்றாரா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் அதன் தாத்தாவும் ஒரே பாயில் உட்கார்ந்து அடித்துக்கொள்ள வேண்டிய கேள்வி. வேடிக்கை என்னவென்றால் அந்தப் படமே வெளியானபோது ஓடவில்லை. தமிழின் சிறந்த படம் என்று தேசிய விருது கிடைத்தது, கல்லாப்பெட்டி நிரம்பவில்லை. படம் நீளம், இன்றைய பிள்ளைகளுக்கு ஒரே மூச்சில் தாங்காது. இடைவேளையோடு நிறுத்திக்கொண்டு மீதியை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் வந்து சேர்கிற உற்சாகத்தோடு ஓர் இரவு தூங்கட்டும். மறுநாள் சிறையைப் பார்க்கட்டும்.

அடுத்தது 'காக்கா முட்டை'. இதைப் பார்த்தாச்சே என்பீர்கள். குடும்பத்தோடு பார்த்தீர்களா, போனில் தனியாகப் பார்த்தீர்களா? 2015-இல் மணிகண்டன் எடுத்த படம். குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதும், அந்த இரண்டு பையன்களுக்கும் நடிப்புக்கான விருதும் வாங்கியது. தண்டவாளத்தில் சிந்திய கரியைப் பொறுக்கி விற்கிற அண்ணன் தம்பிக்கு 299 ரூபாய் பீட்சா மேல் ஆசை. காசு சேர்கிறது. வாசலில் நிற்கிற காவலாளி உள்ளே விடுவதில்லை. நல்ல சட்டை வேண்டும் என்று புரிகிறது, சட்டையும் சேர்கிறது. அப்போதும் விடுவதில்லை, அடிதான் விழுகிறது. காசு இருந்தால் கதவு திறக்கும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்த பையன்களுக்கு அன்றைக்குப் பிடிபடுவதை எந்த ஊக்கப் படமும் சொல்லித் தராது.

அதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒரு சின்னக் காட்சி. அடுக்குமாடிக் குடியிருப்பின் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற பணக்காரச் சிநேகிதன், தான் தின்று மிச்சம் வைத்த பீட்சாவை நீட்டுகிறான். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, பாசமாகத்தான் நீட்டுகிறான். சின்னவன் கை நீள்கிறது, பெரியவன் தடுத்துவிடுகிறான். எச்சில் வேண்டாம். சோற்றுக்கே வழியில்லாத வீட்டுப் பையனுக்கு இந்த ரோஷம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். நம் நகரிலும் கம்பிவேலி போட்ட குடியிருப்புகள் வந்துவிட்டன. வேலிக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள் இருக்கிறார்கள். படம் முடிகிறபோது பையன்களுக்குச் சிவப்புக் கம்பளம் விரித்துப் பீட்சா ஊட்டுகிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள். வாயில் வைத்துப் பார்த்தால் பிடிக்கவில்லை. ஆயா தோசைக்கல்லில் பீட்சா மாதிரி என்று சுட்டுக் கொடுத்ததே அதைவிட நன்றாக இருந்ததாம். ஆசைப்பட்டது கிடைத்தது, கிடைத்தது சப்பென்று இருந்தது. இதை வெற்றிக் கணக்கில் எழுதுவதா, தோல்விக் கணக்கிலா? எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

மூன்றாவது படத்தைச் சொன்னால் பெரியவர்கள் என்னை அடிக்க வருவீர்கள். பாலு மகேந்திராவின் 'வீடு'. பாட்டில்லை, சண்டையில்லை, இளையராஜா முன்பே வெளியிட்டிருந்த 'ஹவ் டு நேம் இட்' இசைத் துண்டுகள்தான் பின்னணி. இந்தப் படத்துக்கும், நடித்த அர்ச்சனாவுக்கும் தேசிய விருது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதால் மனையில் சொந்தமாக வீடு கட்டப் புறப்படுகிற ஒரு வேலைக்குப் போகும் பெண். தங்கை, தாத்தா. கடன், அனுமதி, கையூட்டு, சிமெண்டை விற்றுக் காசாக்கும் காண்டிராக்டர். படம் வந்து முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையில் இருந்து நம் தெருவுக்குத் திரும்புவதற்குள் எத்தனை மனை விற்பனைப் பலகை, எத்தனை 'டி.டி.சி.பி. அப்ரூவ்டு' என்று எண்ணிப் பாருங்கள். நம்மில் பாதிப் பேர் அந்தப் படத்துக்குள்ளேதான் குடியிருக்கிறோம்.

சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தத் தாத்தா ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிக் குடையோடு பஸ்ஸேறி, அரைகுறையாக நிற்கிற வீட்டைப் பார்க்க வருகிறார். கூரை வேயாத அறைகளுக்குள் நுழைந்து நுழைந்து பார்க்கிறார். சுவரைத் தொடுகிறார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. பேச்சே கிடையாது. திரும்பும் வழியில் அவர் முடிந்துபோகிறார். வீடு கட்டிக்கொண்டிருக்கிற குடும்பங்களில் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் இரண்டே வார்த்தை: 'காசில்லை', 'அப்புறம்'. ஏன் இல்லை, எதற்கு அப்புறம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இந்தப் படம் சொல்லும். சித்தாள் மங்கம்மாவாக வரும் பசி சத்யா, திருட்டைத் தட்டிக்கேட்கும் இடத்தில் சின்னப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். முடிவு சந்தோஷமானது இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை அன்றைக்குத் தூங்க வைத்துவிடலாம். அவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய படம் என்று சொல்ல மாட்டேன்.

குட்டிப் பிள்ளைகளுக்குக் குறும்படங்கள் இருக்கின்றன. திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்தால் எட்டிவிடுகிற மாமல்லபுரத்தில் எடுத்த ஒரு படம் இங்கிலாந்தின் பாஃப்டா விருதுப் பட்டியல் வரைக்கும் போனது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 'கமலி' என்று பெயர். சாஷா ரெயின்போ இயக்கியது, அரை மணி நேரத்துக்கும் குறைவு. மீனவர் குப்பத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டுகிற சிறுமி கமலியும், அவளைத் தனியாக வளர்க்கிற அம்மா சுகந்தியும்தான் படம். தனக்குக் கிடைக்காத விளையாட்டு மகளுக்குக் கிடைக்கட்டும் என்று ஊர்ப்பேச்சைத் தாண்டி நிற்கிற அம்மா அவர். 2020-இல் பாஃப்டா குறும்படப் பிரிவில் போட்டியிட்டது, பரிசு கிடைக்கவில்லை. பரிசு வாங்கியது ஆப்கானிஸ்தானில் பெண் பிள்ளைகள் ஸ்கேட்போர்டு கற்பதைப் பற்றிய இன்னொரு படம்! காபூல் பிள்ளைகளிடம் மாமல்லபுரம் தோற்றதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? கமலி பிறகு அலைச்சறுக்கில் இறங்கி, தேசியப் போட்டிகளில் பரிசு வாங்கினார். பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிற வாரத்துக்கு முந்தைய வாரம் இதைப் போட்டால், சிற்பக் கோயிலோடு சேர்த்து வேறொரு மாமல்லபுரத்தையும் பார்த்துவிட்டு வருவார்கள்.

நம் தெருவில் தமிழ் தெரியாத குடும்பங்களும் இருக்கின்றன என்பது தாளில் எங்குமே இல்லை. ஒடிசாவிலும் பிகாரிலும் இருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். நம் பள்ளிக்கூடங்களில் அந்தப் பிள்ளைகள் தமிழ் பேசப் பழகிவிட்டார்கள். அம்மாக்கள் பாவம், காய்கறிக் கடையில் விரலைக் காட்டித்தான் வாங்குகிறார்கள். அவர்களையும் கூப்பிடுங்கள், 1987-இல் வந்த 'பேசும் பட'த்தைப் போடுங்கள். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல் நடித்த அந்தப் படத்தில் வசனமே கிடையாது. கன்னடக்காரரும் தமிழரும் ஒடியாக்காரரும் ஒரே நேரத்தில் சிரிக்கலாம். வேலையில்லாத ஒருவன் பணக்காரனைக் கட்டிப்போட்டுவிட்டு அவன் இடத்தில் நட்சத்திர ஓட்டலில் வாழ்கிறான். அங்கே நிசப்தம்; தூக்கம் வரவில்லை. பழைய அறைக்குப் பக்கத்துத் தியேட்டர் சத்தத்தைப் போய்ப் பதிவு செய்துகொண்டுவந்து, அதைப் போட்டுவிட்டுத் தூங்குகிறான். ரயிலும் லாரியும் ஓயாத நம் ஊர்க்காரர்களுக்கு அந்த நகைச்சுவையை யாரும் விளக்க வேண்டியதில்லை. கடைசியில் அவன் பெட்டி நிறையப் பணத்தோடும் போகவில்லை, காதலியோடும் போகவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் வரிசையில் போய் நிற்கிறான். இதுவும் என் கட்சிப் படம்தான்.

பள்ளியில் பிள்ளைகளோடு படம் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. 2022-இல் இருந்து அரசுப் பள்ளிகளில் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்குச் சிறார் திரைப்படம் போடுகிற திட்டம் இருக்கிறது. படத்துக்குப் பிறகு பிள்ளைகளைப் பேச விடுவதும் அதில் உண்டு. சாப்ளினின் 'தி கிட்' 1921-இல் வந்தது, கறுப்பு வெள்ளை, ஊமைப் படம். ஐந்து நிமிடத்தில் நெளிவார்கள் என்று எதிர்பார்த்தேன். பையன் கல்லெறிந்து ஜன்னல் கண்ணாடியை உடைப்பதும், பின்னாலேயே சாப்ளின் கண்ணாடி மாட்டுகிறவராக வந்து நிற்பதும் வந்தபோது வகுப்பே அதிர்ந்தது. பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற காட்சியில் சத்தம் நின்றுவிட்டது. முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், கண்ணாடி உடைக்கச் சொல்லிக் குடுத்தது தப்புதானே? அப்புறம் ஏன் எனக்கு அவரைப் பிடிக்குது?" அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த மாதம் அவள் கேள்வி கேட்டிருக்க மாட்டாள்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். படம் முடிந்தவுடன் மைக்கைப் பிடித்துக்கொண்டு "இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்னவென்றால்" என்று தொடங்காதீர்கள். சங்கத் தலைவரின் நன்றியுரை இடைவேளையிலேயே முடியட்டும். பிள்ளைகளைக் கூப்பிட்டு என்ன புரிந்தது, சொல்லு பார்ப்போம் என்று பரீட்சை வைக்காதீர்கள். சுண்டல் விநியோகம் கடைசியில் இருக்கட்டும். தின்றுகொண்டே தானாகப் பேசுவார்கள். பெரியவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டாலே போதும், பிள்ளைகள் காது கொடுப்பார்கள். கமலகண்ணனின் 'குரங்கு பெடல்' போட்ட அன்று பாருங்கள். வாடகை சைக்கிளில் கம்பிக்குள் காலை விட்டு ஓட்டப் பழகுகிற பையனின் கதை, ராசி அழகப்பன் எழுதிய சிறுகதையில் இருந்து வந்தது. அதில் பையனைவிட எனக்குப் பிடித்தவர் சைக்கிள் ஓட்டத் தெரியாத அவனுடைய அப்பா, காளி வெங்கட். ஊரே கேலி செய்தாலும் நடந்தே போகிறவர். அன்றைக்கு நம் தாத்தாக்களைப் பேச விட்டால் நள்ளிரவு தாண்டும்.

சில நடைமுறைகள். ஓ.டி.டி. சந்தா வீட்டுக்குள் பார்ப்பதற்கானது. டிக்கெட் இல்லாவிட்டாலும் ஊரைக் கூட்டிப் போடுவதற்குப் படத்தின் உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். பணம் வாங்காத காட்சி, சிறார் காட்சி என்று தெளிவாகச் சொல்லுங்கள். நம் காப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கான உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் தொடங்கி 60 ஆண்டு. 'கப்பலோட்டிய தமிழன்', 1953-இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்த 'ஔவையார்', 1964-இல் நாகேஷ் நடித்த 'சர்வர் சுந்தரம்' எல்லாம் அந்தக் காலத்தைத் தாண்டியவை. பாட்டுகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. விவரம் தெரிந்த வக்கீல் ஒருவர் நம் நகரிலேயே இருப்பார், கேட்டுக்கொள்ளலாம். 'சர்வர் சுந்தர'மும் பட்டியலில் சேர வேண்டிய படம். ஓட்டல் சர்வர் சினிமா நட்சத்திரமாகிறார்; காதல் கைகூடவில்லை, அம்மாவும் போய்விடுகிறார். வெற்றி, தோல்வி இரண்டும் ஒரே தட்டில்.

சனிக்கிழமைக் காட்சியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்றும் பாருங்கள். சனிக்கிழமை இரண்டாம் ஷிஃப்ட் போகிற அப்பாக்கள் நள்ளிரவுக்குத்தான் வீடு திரும்புவார்கள். அப்பா இல்லாமல் குடும்பத்தோடு பார்ப்பது எப்படி? பிரதோஷம் விழுகிற நாளில் ஏழு மணிக்கு முன் தொடங்காதீர்கள். ஆயாக்கள் கோயிலில் இருப்பார்கள். ஒலிபெருக்கி இரண்டு போதும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை எந்த வீட்டிலும் இருக்கும்.

பட்டியலை முடிவு செய்கிற கூட்டத்துக்கு ஆண்கள் மட்டும் வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் மூத்தவரையும் இளையவரையும் ஒரு படம் சொல்லச் சொல்லுங்கள். சொன்ன படத்தைச் சங்கத்தில் யாராவது ஒருவர் முழுசாகப் பார்த்துவிட்டு வரட்டும். வேலைக்குப் போகும் அம்மாக்களிடம் அந்தப் பொறுப்பையும் சுமத்தாதீர்கள்; ஓய்வு பெற்ற மாமாக்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள்.

விடுமுறைக்குள் ஆறு வாரம் கிடைக்கும். இரண்டை எனக்குக் கொடுங்கள், 'காக்கா முட்டை'க்கு ஒன்று, 'கப்பலோட்டிய தமிழ'னுக்கு ஒன்று. மீதி நான்கு வாரமும் நீங்கள் தாராளமாகக் கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் ஆசிரியை
சிங்கப்பெருமாள் கோயில்